நெல்லைச் சீமையின் மேற்கு மலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பாசமுத்திரத்தில் வீடு என்று சொன்னால், வெளியூர் உறவினர்கள் முதலில் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தைப் பற்றியும் அடுத்துப் புலியைப் பற்றியும் கேட்பார்கள். தண்ணீரைப் பற்றியும் மனிதர்களைப் பற்றியும் கேட்பவர்கள் குறைவு. இருவகைக் கேள்விகளுக்கும் இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

திருநெல்வேலி மாவட்டத்தில் மலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாயில் மேற்குத் தொடர்ச்சி மலை ஒருமுறை தாழ்ந்து மீண்டும் எழுகிறது. அங்கிருந்து தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் வரை உள்ள மலைத்திரளை அகத்தியமலைப் பகுதி என்கிறார்கள். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது குற்றாலமும் கடையத்தை ஒட்டிய மலைகளும் அந்தப் பக்கம் போயின. பாபநாசம், மணிமுத்தாறு, மாஞ்சோலை, களக்காடு, திருக்குறுங்குடி ஆகியவை நெல்லையிலேயே தங்கின. தெற்கு ஓரத்தில் 1,600 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் மகேந்திரகிரியின் அடிவாரத்தில்தான் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. அதற்கும் தெற்கே மலை இறங்கும் இடைவெளியில் மேற்கிலிருந்து காற்று பீறிட்டு வருவதால், முப்பந்தல், காவல்கிணறு பக்கம் காற்றாலைகள் கூட்டமாக நிற்கின்றன.

இந்த மலையின் பெரும்பகுதி களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் அடங்குகிறது. முண்டந்துறை 1962-இல் புலிகளுக்காகவும், களக்காடு 1976-இல் சோலைமந்தி என்ற குரங்குக்காகவும் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டன. 1988-இல் இரண்டையும் இணைத்துத் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகத்தை உருவாக்கினார்கள். அதன் பரப்பு சுமார் 895 சதுர கிலோமீட்டர்.

பொதிகை என்பது ஒரு சிகரமா, மலைத்தொடரா?

இரண்டு பொருளிலும் வழங்குகிறது. சமவெளியில் நின்று மேற்கே கைகாட்டி ‘பொதிகை’ என்று சொல்பவர் முழுத் தொடரையும் குறிக்கிறார். சிகரம் என்று எடுத்துக்கொண்டால் அது 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடம்; தமிழக எல்லையை ஒட்டிக் கேரளப் பக்கத்தில் இருக்கிறது. அகத்திய முனிவர் தங்கிய மலை, தென்றல் பிறக்கும் மலை என்ற பெருமையெல்லாம் நமக்கு இருந்தாலும், உச்சிக்குப் போக விரும்புகிறவர் திருவனந்தபுரம் மாவட்டத்தின் போணக்காடு வழியாகக் கேரள வனத்துறையின் அனுமதியுடன்தான் ஏற வேண்டும். பாபநாசத்தில் இறங்கி, பொதிகை உச்சிக்கு ஆட்டோ கிடைக்குமா என்று கேட்டவர்கள் உண்டு.

இவ்வளவு பெரிய மலையில் ஏன் இவ்வளவு குறைவான ஆட்கள்?

செங்குத்தான சரிவு, அட்டை, காய்ச்சல், யானை என்று இயற்கையின் மேல் காரணம் சொல்வது எளிது. அவை உண்மைதான் என்றாலும் பாதிக் காரணமே ஆகும். இந்த மலையில் காணிக்காரப் பழங்குடிகள் காட்டைத் திருத்திப் பயிரிட்ட புனக்காடுகள் இருந்தன. சிங்கம்பட்டி ஜமீனின் காடு இருந்தது. அணை கட்ட வந்தவர்களின் முகாம்கள் இருந்தன. மூன்று தலைமுறைகளாகத் தேயிலைத் தோட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் வாழ்ந்தார்கள். புனக்காட்டு விவசாயம் நிறுத்தப்பட்டது, ஜமீன் ஒழிக்கப்பட்டது, அணை வேலை முடிந்தது, காடு காப்பகமாயிற்று, கடைசியாகத் தோட்டமும் மூடப்பட்டது. இன்று வரைபடத்தில் வெறும் பச்சையாகத் தெரியும் இடம் படிப்படியாக ஆளொழிக்கப்பட்ட இடம். அதை ஆதியிலிருந்தே மனிதர் கால் படாத காடு என்று எழுதுவதை நான் ஏற்றுக்கொள்வதில்லை.

காணிக்காரர்கள் யார்? எங்கே இருக்கிறார்கள்?

அகத்தியமலையின் இருபுறமும், தமிழகத்திலும் கேரளத்திலும் வாழும் பழங்குடி மக்கள் அவர்கள். நெல்லைப் பக்கம் காரையாற்றை ஒட்டிய சின்ன மயிலார், பெரிய மயிலார், அகத்தியர் காணிக்குடியிருப்பு, சேர்வலாறு ஆகிய இடங்களிலும், காரையாற்றின் குறுக்கே உள்ள பாபநாசம் அணைக்கு அப்பால் உள்காட்டில் இஞ்சிக்குழியிலும் குடியிருக்கிறார்கள். இஞ்சிக்குழிக்குச் சாலை கிடையாது. நீர்த்தேக்கத்தைப் படகில் கடந்தோ காட்டுவழி நடந்தோதான் போக வேண்டும். ரேஷன் அரிசி வாங்குவதும் பிரசவத்துக்குப் போவதும் அந்த வழியாகத்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், ‘தொலைவு’ என்ற சொல்லைக் கிலோமீட்டரில் அளக்க முடியாது என்பது புரியும்.

மலையாளம் கலந்த ஒரு தமிழ் அவர்களுடைய பேச்சு. ஊர்த் தலைவர் மூட்டுக்காணி எனப்படுவார்; மருத்துவமும் மந்திரமும் பார்ப்பவர் பிலாத்தி. நோய் தீர்க்கவும் தெய்வத்தை அழைக்கவும் பாடும் சாற்றுப்பாட்டுக்குக் கொக்கரை என்னும் இரும்புக் கருவியை உரசித் தாளம் எழுப்புவார்கள். முன்பு யானைக்குப் பயந்து மரத்தின் மேல் ஏறுமாடம் கட்டி இரவில் அதில் தங்கினார்கள். மரச்சீனிக்கிழங்கும் நல்லமிளகும் அவர்களுடைய முக்கியமான விளைச்சல். தேனெடுப்பதில் அவர்களுக்கு இணை கிடையாது.

1987-இல் கேரளப் பக்கத்தில் ஆய்வுக்குச் சென்ற விஞ்ஞானிகள், வழிகாட்டிகளாக வந்த காணிக்காரர்கள் ஒரு செடியின் காயை மென்றுகொண்டே களைப்பில்லாமல் மலையேறுவதைக் கவனித்தார்கள். அந்தச் செடிதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து உருவானபோது உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதியைக் காணிக்காரர்களுக்குத் தர ஏற்பாடு செய்தார்கள். பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி ஏற்பாடாக இதை உலகெங்கும் எடுத்துக்காட்டுகிறார்கள். பலன் எல்லாக் குடியிருப்புக்கும் போய்ச் சேர்ந்ததா என்பது வேறு விஷயம்.

மாஞ்சோலை யாருடையது? இப்போது அங்கே என்ன நடக்கிறது?

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவுக்கு உதவியதற்காகச் சிங்கம்பட்டி ஜமீனுக்கு இந்தக் காடு கிடைத்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. 1929-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஜமீன் அதில் 8,373 ஏக்கருக்கு மேல் பாம்பே பர்மா வர்த்தக நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. ஜமீன் வாரிசின் மேல் சென்னையில் நடந்த கொலை வழக்கின் செலவுதான் காரணம் என்று வட்டாரத்தில் சொல்வார்கள். 1952-இல் ஜமீன் ஒழிப்பின்போது நிலம் அரசின் கைக்கு வந்தாலும் குத்தகை தொடர்ந்தது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று மலையின் முதுகில் வரிசையாக எஸ்டேட்டுகள் எழுந்தன.

சமவெளியிலிருந்தும் கேரளத்திலிருந்தும் கங்காணிகள் அழைத்துவந்த மக்கள் தொடக்கத்தில் மலேரியாவில் செத்தார்கள். பிழைத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதே லைன் வீடுகளில் பிறந்து கொழுந்து பறித்தார்கள். கூலி உயர்வுக்கான போராட்டத்தின் தொடர்ச்சியாக 1999 ஜூலை 23-ஆம் தேதி திருநெல்வேலியில் நடந்த பேரணியில் போலீஸ் தடியடி நடத்தியபோது, தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டு ஒரு குழந்தை உட்பட 17 பேர் உயிரிழந்தார்கள். கொக்கிரகுளம் பாலத்தைக் கடக்கும்போது அந்த நாளை நினைக்காத தொழிலாளர் குடும்பம் இருக்காது.

குத்தகை 2028-இல் முடிகிறது. அதற்கு முன்பே, 2024-இல், நிறுவனம் விருப்ப ஓய்வை அறிவித்துத் தோட்ட வேலையை முடித்துக்கொண்டது. மீண்டும் காடாக வேண்டிய நிலம் என்பது ஒரு தரப்பு. பிறந்த மண்ணை விட்டு எங்கே போவது என்பது மற்றொரு தரப்பு. காடு திரும்ப வேண்டும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் ஓய்வுக்குப் பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டியவர்களுக்குக் கீழே சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூட இல்லை என்பதை மறைத்துவிட்டுக் காட்டைப் பற்றி மட்டும் பேசுவது நேர்மையாகாது. கவாத்து வெட்டாத தேயிலை, செடி என்ற நிலையை விட்டு மரமாக வளரத் தொடங்கும். அதை அருகில் நின்று பார்த்தால்தான் நாம் இதுவரை கண்ட பச்சைக் கம்பளம் எத்தனை கைகளின் வேலை என்பது தெரியும்.

மழை எப்படி? எப்போது பெய்யும்?

இரண்டு பருவத்திலும் பெய்யும். மேற்குப் பக்கத்தில் கொட்டித் தீர்த்த தென்மேற்குப் பருவமழையின் மிச்சம் ஆனி, ஆடியில் முகட்டைத் தாண்டிச் சாரலாக இறங்குகிறது. ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கிலிருந்து வரும் மேகம் மலையில் முட்டிப் பெருமழையாகிறது. அடிவாரத்தில் ஆண்டுக்குச் சுமார் 750 மில்லிமீட்டர் பெய்தால், காக்காச்சி, நாலுமுக்கு உயரத்தில் 3,000 மில்லிமீட்டரைத் தாண்டும். ஒரே பேருந்துப் பயணத்தில் உடைமரக் காட்டிலிருந்து பாசி படர்ந்த சோலைக்குள் போய்விடலாம் என்பது இதனால்தான்.

அம்பாசமுத்திரத்தில் காலையில் மாடிக்குப் போய் மேற்கே பார்த்து ‘மலை மூடிட்டு’ என்று சொன்னால் அன்றைய வானிலை அறிக்கை முடிந்தது. அடுத்த வேலை நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் அணைகளின் நீர்மட்டத்தைப் பார்ப்பது. பாபநாசம் அணையின் முழு உயரம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். மட்டம் இரண்டு அடி ஏறியிருந்தால் டீக்கடையில் குரல் மாறும்.

மழை எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதையும் சீமை அறியும். 1992 நவம்பரில் மலையில் பெய்த மழை பாபநாசம் தொடங்கி ஆற்றோர ஊர்களைச் சூறையாடியது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. அதே நேரத்தில் மலையிலும் பெருமழை கொட்டியதால் தாமிரபரணி கரைகடந்தது. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் ஒரு ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளுடன் சிக்கி நின்றது.

தாமிரபரணி வற்றாமல் ஓடுவது எப்படி?

மழையை உடனே கீழே விட்டுவிடாத காடு இருப்பதுதான் முதற்காரணம். சோலைக்காட்டின் தரையில் இலைச்சருகும் மட்கும் மெத்தைபோலக் கிடக்கின்றன. அதில் ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் மழை நின்று பல நாள் ஆனபின்னும் நீர் சொட்டும். பூங்குளத்தில் தோன்றும் ஆறு பேயாறு, உள்ளாறு, பாம்பாறு, காரையாறு, சேர்வலாறு என்று சிற்றாறுகளைச் சேர்த்துக்கொண்டு பாபநாசத்தில் சமவெளி இறங்கி, மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு, சிற்றாறு ஆகியவற்றையும் ஏற்றுக்கொண்டு புன்னைக்காயலில் கடலில் கலக்கிறது. ஏறத்தாழ 125 கிலோமீட்டர். பிறப்பதும் முடிவதும் தமிழ்நாட்டுக்குள்ளேயே.

கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள் ஆற்றை வாய்க்கால்களுக்குத் திருப்புகின்றன. ஸ்ரீவைகுண்டம் மட்டும் வெள்ளையர் காலத்தது. மற்றவை அதற்கு முந்தையவை. கார், பிசானம் என்ற இருபோக நெல்லும் இதை நம்பித்தான். பாபநாசத்தில் 1944 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். பத்தமடைப் பாய்க்குக் கோரை தந்ததும் இந்த ஆற்றங்கரைதான்.

அதே மலையில் பிறந்தாலும் நம்பியாற்றுக்கு அந்த யோகம் இல்லை. திருக்குறுங்குடிக்கு மேலே பிறந்து, நாங்குநேரி, ராதாபுரம் வட்டாரத்தின் செம்மண்ணில் ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது. தாமிரபரணியின் வெள்ளநீரைக் கருமேனியாற்றுக்கும் நம்பியாற்றுக்கும் கொண்டுபோகும் கால்வாய்த் திட்டம் 2009-இல் தொடங்கியது அந்தக் குறையைத் தீர்க்கத்தான்.

புலியைப் பார்க்க முடியுமா?

பெரும்பாலும் முடியாது. அடர்ந்த காடு; புலி நம்மைப் பார்க்கும், நாம் அதைப் பார்ப்பது அரிது. மிளா, காட்டுமாடு, கருமந்தி, மலையணில் ஆகியவற்றைச் சாலையோரத்திலேயே காணலாம். உயரமான புல்வெளிப் பாறைகளில் வரையாடும், சோலையில் இருவாச்சியும் ராஜநாகமும் உண்டு.

என்னைக் கேட்டால் இந்த மலையின் அடையாளம் சோலைமந்திதான். கரிய உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, நுனியில் குஞ்சம் வைத்த வால். அது மரத்தை விட்டு இறங்க விரும்பாத குரங்கு. கிளையோடு கிளை தொடும் தொடர்ந்த சோலை இருந்தால்தான் வாழும். வெடிப்பலா மரத்தின் முள் நிறைந்த காயைப் பிளந்து கொட்டையைத் தின்னும்போது மேலிருந்து ஓட்டுத் துண்டுகள் ‘பொத் பொத்’ என்று விழும். நிமிர்ந்து பார்ப்பதற்கு முன் கூட்டமே அசையாமல் உறைந்துவிடும். இலைகளுக்கிடையே ஒரு வால் நுனி மட்டும் தொங்கும்.

அரிக்கொம்பன் யானையை இங்கேதான் விட்டார்களா?

ஆம். 2023 ஜூனில், தேனி மாவட்டத்தில் பிடிக்கப்பட்ட அந்த யானையை மாஞ்சோலைக்கு அப்பால் மேல் கோதையாறு, முத்துக்குழிவயல் பகுதியில் விட்டார்கள்.

அட்டைக்கு என்ன செய்வது?

முதலில் பயப்படாமல் இருக்க வேண்டும். மழைநாளில் இலை நுனியில் ஒரு நூல் போல நின்றுகொண்டு நம் மூச்சும் சூடும் வரும் திசையில் தலையை ஆட்டும். காலணிக்குள் போன பிறகு தெரியாது. கடிக்கும்போது வலி இருக்காது. இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளைச் செலுத்துவதால் அட்டை விழுந்த பிறகும் கசிவு நிற்க நேரமாகும். காலுறையைக் கழற்றினால் திராட்சைப் பழம் போல உருண்டு விழும். இழுத்துப் பிய்க்காமல் வாய்ப் பகுதியின் ஓரத்தில் நகத்தை வைத்து நகர்த்தினால் போதும். தோட்டத்து மக்கள் மூக்குப்பொடியும் உப்பும் துணியில் முடிந்து கையில் வைத்திருப்பார்கள்.

ஆடி அமாவாசைக்கு அவ்வளவு கூட்டம் ஏன்?

காரையாற்றங்கரையில் இருக்கும் சொரிமுத்து அய்யனார் தென்மாவட்டங்களில் எண்ணற்ற குடும்பங்களுக்குக் குலதெய்வம். ஆண்டு முழுவதும் அமைதியாக இருக்கும் காட்டுக்குள் ஆடி அமாவாசையை ஒட்டி லட்சக்கணக்கானவர்கள் வருகிறார்கள். முன்பு வாரக்கணக்கில் குடில் போட்டுத் தங்கினார்கள். இப்போது வனத்துறை நாள்களைக் குறைத்துவிட்டது. சிங்கம்பட்டி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி, 2020-இல் காலமாகும் வரை, ராஜ உடையில் வந்து அமர்ந்து தரிசனம் தந்த வழக்கமும் இத்திருவிழாவின் பகுதியாக இருந்தது.

கோயில் வளாகத்தில் பட்டவராயனைப் பார்க்காமல் வரக் கூடாது. வில்லுப்பாட்டில் முத்துப்பட்டன் என்று பாடப்படுபவர். அந்தணராகப் பிறந்து, சக்கிலியர் குலத்துப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்து, செருப்புத் தைத்து, மாடுகளைக் கவர வந்தவர்களோடு போரிட்டு மாண்டவர் என்பது கதை. அவருக்குக் காணிக்கை தோல் செருப்புதான். கட்டித் தொங்கும் ஜோடிகளைப் புரட்டிப் பார்த்தால் புதுச் செருப்பின் அடியிலும் தேய்ந்த தடம் இருக்கும். இரவில் சாமி போட்டு நடக்கிறார் என்பார்கள். பக்கத்திலேயே மணி விழுங்கி மரம் என்ற இலுப்பை இருக்கிறது. நேர்ந்துகொண்டவர்கள் கட்டிய மணிகளின் மேல் மரப்பட்டை வளர்ந்து மூடிக்கொண்டிருப்பதை விரலால் தொட்டுப் பார்க்கலாம்.

ஒரு வருத்தமும் உண்டு. வேண்டுதல் என்ற பெயரில் ஆற்றில் விடப்படும் பழைய துணிகளும், பிளாஸ்டிக்கும் கீழேயுள்ள எல்லா ஊர்களின் குடிநீரிலும் சேர்கின்றன. அய்யனார் துணி கேட்டதாக எந்தப் பாட்டிலும் நான் கேட்டதில்லை.

அடிவார ஊர்களில் வாழ்க்கை எப்படி?

காப்பகத்தின் விளிம்பில் நூற்றுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள் உள்ளன. முன்பு விறகுக்கட்டு தலையில் சுமந்து காலை பத்து மணிக்குள் காட்டை விட்டு இறங்கும் பெண்களின் வரிசையை எல்லா ஊரிலும் பார்க்கலாம். 1990-களில் உலக வங்கி உதவியுடன் கிராம வனக்குழுக்கள் அமைத்துக் கடனும் மாற்று அடுப்பும் கொடுத்த பிறகும், எரிவாயு வந்த பிறகும் அது பெரிதும் குறைந்தது. இப்போது போக்குவரத்து எதிர்த்திசையில் நடக்கிறது: காட்டுப்பன்றி வாழையைக் கிளறுகிறது, மிளா நெல்லை மேய்கிறது, கரடி தெருவிளக்கின் கீழ் நடந்துபோகிறது, யானை தென்னங்குருத்தைத் தேடி வருகிறது. குலைதள்ளும் பருவத்தில் ஒரே இரவில் போன வாழைத்தோப்புக்குக் கிடைக்கும் இழப்பீடு, கன்று வாங்கிய செலவுக்கே பற்றாது என்று விவசாயிகள் சொல்வது மிகையல்ல.

எப்போது, எப்படி வரலாம்?

தண்ணீர் பார்க்க வேண்டுமென்றால் ஐப்பசி முதல் தை வரை. சாரலுக்கு ஆனி, ஆடி. மாசிக்குப் பிறகு காட்டுத்தீ அபாயம் இருந்தால் மலைக்குப் போக விடமாட்டார்கள். பாபநாசத்தில் அகத்தியர் அருவி, மணிமுத்தாறு அருவி, களக்காடு தலையணை என்னும் தடுப்பணை, திருக்குறுங்குடி திருமலைநம்பி கோயில் ஆகியவை ஒரு நாளில் போய்த் திரும்பக்கூடியவை. எல்லாவற்றுக்கும் வனத்துறைச் சோதனைச்சாவடி உண்டு. மாஞ்சோலைக்குத் தனியார் வாகனத்தில் போக முன்அனுமதி தேவை, நேரக் கட்டுப்பாடும் உண்டு. உறவினர்களைக் கூட்டிக்கொண்டு பத்து நிமிடம் தாமதமாகப் போய், சாவடிக் கம்புக்கு இப்பக்கம் நின்று மலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அனுபவம் எனக்கு இருக்கிறது. விதிகள் அடிக்கடி மாறுவதால் முதல்நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடை, செல்போன் சிக்னல், ஏடிஎம்?

மேலே நம்ப வேண்டாம். பணம், மருந்து, பெட்ரோல் எல்லாவற்றையும் அம்பாசமுத்திரத்திலோ கல்லிடைக்குறிச்சியிலோ முடித்துக்கொள்ளுங்கள். கல்லிடைக்குறிச்சியில் நிறுத்தினால், போகிறபோக்கில் ஒரு கட்டு அப்பளமும் வாங்கிக்கொள்ளலாம். அது மழையில் நனையாமல் வீடு சேர்ப்பது உங்கள் சாமர்த்தியம்.